காத்திருப்பது எந்தச் சிப்? கேமிங் கணினியில் ப்ராசஸர் மாற்றும் கணக்கு

கேமிங் கணினியின் திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு சிப்புகளின் கை மாறி வருகிறது. மவுஸ் எந்தப் பக்கம் அசைந்தது என்று படிப்பது, எதிரி எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது, சுவரில் பட்ட குண்டு எப்படித் தெறிக்கும் என்று கணக்கிடுவது, கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பிரித்தெடுத்து 'இதையெல்லாம் வரை' என்று உத்தரவு அனுப்புவது, இத்தனையும் ப்ராசஸரின் வேலை. அந்த உத்தரவை வாங்கி லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லி விநாடி. 144 ஃப்ரேம் என்றால் 6.9 மில்லி விநாடிதான்.

ஒரு ஃப்ரேமை ப்ராசஸர் 10 மில்லி விநாடியில் முடித்துக் கொடுக்கிறது, கார்டு அதை வரைய 14 மில்லி விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். திரைக்கு வருவது 14-ன் கணக்கில்தான், அதாவது நொடிக்கு 71 ஃப்ரேம். ப்ராசஸரை எடுத்துவிட்டு 5 மில்லி விநாடியில் முடிக்கும் புதியதைப் பொருத்தினாலும் அந்த 71 அசையாது. செலவழித்த பணத்துக்கு மிஞ்சுவது பெட்டி மட்டும். கணக்கு தலைகீழாக இருந்தால், அதாவது ப்ராசஸர் 14, கார்டு 10 என்றால், விலை உயர்ந்த கார்டு வாங்கியவரின் கதியும் அதேதான். ஆகவே ப்ராசஸர் வாங்கி எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டில் எது மற்றொன்றுக்காகக் கை கட்டி நிற்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

ஒரு காலத்தில் இந்தக் கேள்வியே பெரிதாக எழவில்லை. 2011-ல் வந்த இன்டெல் கோர் ஐ7-2600கே-விலும் நான்கு கோர்கள். 2017 தொடக்கத்தில் வந்த ஐ7-7700கே-விலும் அதே நான்கு கோர்கள். கேம்களும் அதற்கு மேல் கேட்கவில்லை. காரணம் வரவேற்பறையில் இருந்தது. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற இரண்டு கேம் கன்சோல்களிலும் ஏஎம்டி-யின் ஜாகுவார் என்ற மெதுவான கோர்கள்தான். பிஎஸ்4-ல் அவற்றின் வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். அதில் ஓடும்படி எழுதிய கேம் கணினி ப்ராசஸரைத் திணறடிக்க வழியில்லை. 2020 நவம்பரில் பிஎஸ்5-ம் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸும் ஏஎம்டி-யின் எட்டு ஜென் 2 கோர்களுடன், 3.5 கிகாஹெர்ட்ஸையோ அதற்கு மேலோ எட்டும் வேகத்துடன் வந்தபோது நிலைமை மாறியது. கேம் தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்த அடித்தளமே உயர்ந்துவிட்டது. பழைய நான்கு கோர் கணினிகள் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மூச்சு வாங்கத் தொடங்கியது அதனால்தான்.

இப்போதும் எல்லாக் கேமும் ஒரே மாதிரி கேட்பதில்லை. பால்டர்ஸ் கேட் 3-ன் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் ஃப்ரேம் சரிவதற்குக் காரணம், தெருவில் நடமாடும் கூட்டத்துக்கெல்லாம் ப்ராசஸர் தனித்தனியே கணக்குப் போட வேண்டியிருப்பது. 2024-ல் டிராகன்ஸ் டாக்மா 2 வந்து ஊர்ப்பகுதிகளில் திணறியபோது, ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ப்ராசஸரின் சக்தி நிறையச் செலவாகிறது என்று கேப்காம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஃபேக்டோரியோ, ஸ்டெல்லாரிஸ், ஃப்ளைட் சிமுலேட்டர் போன்றவையும் ப்ராசஸரைப் பிழிபவை. வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வேறு ரகம்: படம் எளிமையானது, கார்டு சீக்கிரம் முடித்துவிடும், ஆடுபவரோ நொடிக்கு 240 ஃப்ரேம் கேட்பார், சுமை முழுவதும் ப்ராசஸர் தலையில் விழும். ஒற்றை ஆளாகக் கதை ஆடுபவர், 1440பி திரையில் அமைப்புகளை 'அல்ட்ரா'வில் வைத்து 60 ஃப்ரேமில் திருப்தி அடைபவர் என்றால், பெரும்பாலும் அவருடைய கணினியில் திணறுவது கார்டுதான்.

அளந்து பார்க்கும் வழி

சந்தேகத்தைத் தீர்க்கக் காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் அதனுடன் வரும் ரிவாடியூனரும் இலவசம்; ஃப்ரேம் எண்ணிக்கை, கார்டின் பயன்பாடு, ஒவ்வொரு கோரின் பயன்பாடு எல்லாவற்றையும் கேம் ஓடும்போதே திரையின் ஓரத்தில் காட்டும். பதிவுசெய்து வரைபடமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு இன்டெல்லின் பிரசென்ட்மான், கேப்ஃப்ரேம்எக்ஸ் ஆகியவை உண்டு.

அளக்கும் இடம் முக்கியம். மெனுவிலும் ஆளில்லாத காட்டிலும் எந்தக் கணினியும் நன்றாகவே ஓடும். கேம் எங்கே எரிச்சல் தருகிறதோ அந்தச் சந்தைத் தெருவில், அந்தச் சண்டைக் காட்சியில் அளக்க வேண்டும். வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் முதலில் அணைத்துவிட வேண்டும். அங்கே கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் கார்டு முழு மூச்சில் இருக்கிறது. ப்ராசஸரை மாற்றுவதால் இங்கே பயனில்லை. கார்டு 60, 70 சதவீதத்தில் தள்ளாடி, ஃப்ரேமும் குறைந்தால் கார்டுக்கு வேலை வந்து சேரவில்லை என்று பொருள். உறுதிப்படுத்த இன்னொரு சோதனை: அதே இடத்தில் நின்று திரைத்தெளிவை 1440பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குவது. கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் நான்கில் ஒன்றாகிவிடும். ஃப்ரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் தடை கார்டிடம் இருந்தது. ஏறவே இல்லையென்றால் ப்ராசஸர் பக்கம்தான்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'ப்ராசஸர் 35 சதவீதம்தான் ஓடுகிறது, அதனால் அதில் குறையில்லை' என்று முடிவுகட்டுவது மிகப் பரவலான தவறு. ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ப்ராசஸரில் ஒரு திரெட் முழுமூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மைத் திரெட் இருக்கும். மற்றவை அது முடிக்கும்வரை நிற்கும். அந்த ஒன்று திணறும்போது மற்றவை பெரும்பாலும் ஓய்வில் இருப்பதை 35 சதவீதம் என்ற எண் மறைத்துவிடும்.

சராசரியை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். ப்ராசஸர் போதாத கணினியில் சராசரி 90 என்று காட்டும். ஆனால் திரும்பும்போதும் கதவைத் திறக்கும்போதும் படம் திக்கும். அதைப் பிடிப்பது '1 சதவீத லோ' என்ற எண், அதாவது மிக மோசமான 1 சதவீத ஃப்ரேம்களின் அளவு. சராசரி 90, லோ 35 என்றால் கையில் உணர்வது அந்த 35-ஐத்தான். ப்ராசஸர் மாற்றிய பிறகு கேம் 'மென்மையாகிவிட்டது' என்று பலர் சொல்வதும், சராசரி பெரிதாக ஏறாதபோதும் இந்த லோ ஏறியிருப்பதால்தான்.

பழி ப்ராசஸர்மீது, குற்றம் வேறிடத்தில்

ப்ராசஸர் பக்கம் தடை என்று தெரிந்த பிறகும் உடனே பர்ஸை எடுக்க வேண்டியதில்லை. முதல் சந்தேகம் ரேம்மீது விழ வேண்டும். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம், பயாஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கும்வரை 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடும். கடையில் கணினி கட்டிக்கொடுத்தவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால், வாங்கியவர் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஆடிக்கொண்டிருப்பார். 16 ஜிபி-யை ஒரே குச்சியாகப் போட்டிருப்பது இன்னொன்று. இரண்டு 8 ஜிபி-யாகப் போட்டால் ரேமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே பாதை இரட்டிக்கிறது. ஏஎம்டி-யின் ரைசன் ப்ராசஸர்களில் இந்த இரண்டையும் சரிசெய்வதே சில கேம்களில் ஒரு தலைமுறை ப்ராசஸர் மாற்றியதற்குச் சமமான பலனைத் தருகிறது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகத்தை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம்.

அடுத்தது சூடு. தூசி அடைத்த கூலரும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் ப்ராசஸரை 95 டிகிரிக்குத் தள்ள, அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அறை வெப்பமே 36, 37 டிகிரி இருக்கும் சென்னை மே மாதத்தில் 'கணினிக்கு வயசாகிவிட்டது' என்று தோன்றுவதில் பாதி, கூலரைத் துடைத்தால் போய்விடும். புது ஏரியாவுக்குள் நுழையும்போது மட்டும் ஒருமுறை திக்கி, அதே இடத்துக்குத் திரும்ப வந்தால் திக்காத கேமில் பெரும்பாலும் ஷேடர் தொகுப்புதான் காரணம். அன்ரியல் எஞ்சின் கேம்களில் இது பழகிப்போன நோய், வேகமான ப்ராசஸர் அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பி வழிவதும், கேமை இன்னமும் ஹார்டு டிஸ்கில் வைத்திருப்பதும் இதே போன்ற திக்கலைத் தரும். ஆன்லைன் கேமில் எதிரி தாவித் தாவி நகர்ந்தால் அது இணையத்தின் பிரச்சினை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே விட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

கார்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்குவதால் கார்டின் சுமை குறைகிறது. ப்ராசஸரின் சுமை அப்படியே இருக்கிறது. இவற்றை இயக்கியும் ஃப்ரேம் ஏறவில்லையென்றால் தடை எங்கே என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஃப்ரேம் ஜெனரேஷன் இடையில் ஃப்ரேம்களைச் செருகி எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும், ஆனால் மவுஸ் அசைவுக்கும் திரைக்கும் உள்ள தாமதத்தைக் குறைக்காது. கார்டின் டிரைவரே ப்ராசஸரைத் தின்பதும் உண்டு: 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580, ரைசன் 5 2600, 3600 போன்ற பழைய ப்ராசஸர்களுடன் பூட்டியபோது பல கேம்களில் வெகுவாகப் பின்தங்கியது. குறைந்த விலைக் கார்டு, பழைய ப்ராசஸருக்குப் பொருத்தமான ஜோடி என்று நினைத்து வாங்கியவர்களுக்கு அது கசப்பான செய்தி.

கோர் எண்ணிக்கையா, கேஷ் அளவா?

கடைகளில் விற்பனையாளர் முதலில் சொல்வது கோர் எண்ணிக்கை. வீடியோ எடிட்டிங்குக்கு அது சரி. கேமுக்கு ஆறு கோர் போதும், எட்டு தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் கேமில் திரும்பி வருவதில்லை. கேமில் ப்ராசஸர் செலவிடும் நேரத்தில் பெரும்பங்கு, ரேமிலிருந்து தகவல் வந்து சேரக் காத்திருப்பது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷிலிருந்து எடுக்கச் சுமார் 10 நானோ விநாடி. ரேமுக்குப் போய்வந்தால் 70, 80 நானோ விநாடி. எனவே கேஷ் பெருகப் பெருகக் காத்திருப்பு குறைகிறது.

இதை ஏஎம்டி 2022 ஏப்ரலில் மெய்ப்பித்துக் காட்டியது. ரைசன் 7 5800எக்ஸ் என்ற எட்டு கோர் ப்ராசஸரின் 32 எம்பி எல்3-மேல் இன்னொரு 64 எம்பி அடுக்கை ஒட்டி 5800எக்ஸ்3டி என்று 449 டாலருக்கு விற்றது. அடுக்கு வைத்ததால் உச்ச வேகம் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைந்தது. ஆனாலும் கேம்களில் அது அண்ணன் முறையான பன்னிரண்டு கோர் 5900எக்ஸையே முந்தியது. அதன் வாரிசான 7800எக்ஸ்3டி 2023 ஏப்ரலிலும், 9800எக்ஸ்3டி 2024 நவம்பரிலும் வந்தன. கிகாஹெர்ட்ஸைப் பார்த்து ப்ராசஸர் வாங்கும் பழக்கம் கேமிங்கில் அத்தோடு காலாவதியாகிவிட்டது.

விமர்சன வரைபடங்களைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ப்ராசஸர்களைச் சோதிப்பவர்கள் கார்டு தடையாகக் கூடாது என்பதற்காகச் சந்தையிலேயே பெரிய கார்டைப் போட்டு 1080பி-யில் ஓட்டுகிறார்கள். சோதனை முறை சரிதான். அங்கே தெரியும் 40 சதவீத வித்தியாசம் ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருப்பவர் வீட்டில் தெரியாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே கேமுக்கு ப்ராசஸர் விமர்சனத்தில் புதிய ப்ராசஸர் தரும் எண்ணையும், கார்டு விமர்சனத்தில் தன் கார்டு தன் திரைத்தெளிவில் தரும் எண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தால், எது சிறியதோ அதுதான் கிடைக்கப்போவது.

சாக்கெட்டும் பட்ஜெட்டும்

மாற்றுவது என்று முடிவானால் செலவைத் தீர்மானிப்பது மதர்போர்டின் சாக்கெட். அதே சாக்கெட்டில் நல்ல ப்ராசஸர் கிடைத்தால் செலவு ப்ராசஸரோடு முடியும். இல்லையென்றால் மதர்போர்டு, ரேம், சில சமயம் கூலர் என்று பாதிக் கணினியையே மாற்ற வேண்டும்.

இந்த விஷயத்தில் ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-ல் முதல் ரைசனுடன் பரவலாகிய அந்தச் சாக்கெட்டில் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி வரை பொருந்தும். ஒரு நடைமுறை உதாரணம்: பி450 மதர்போர்டில் ரைசன் 5 3600, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது ஆர்எக்ஸ் 6600 வைத்திருப்பவர். 2019 ஜூலையில் 199 டாலருக்கு வந்த 3600, தன் காலத்தின் செல்லப்பிள்ளை. ஆனால் அதன் 32 எம்பி கேஷ், மூன்று மூன்று கோர்களாகப் பிரிந்த இரண்டு குழுக்களுக்கு 16, 16-ஆகப் பாகம் பிரிக்கப்பட்டது. அடுத்து வந்த ஜென் 3-ல் அந்தச் சுவரை இடித்து, எல்லாக் கோருக்கும் 32 எம்பி-யைப் பொதுவாக்கினார்கள். அதனால்தான் கோர் எண்ணிக்கையில் வித்தியாசமே இல்லாத ரைசன் 5 5600, ப்ராசஸர் தடையாக இருக்கும் கேம்களில் 3600-ஐவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூட்டுகிறது. எக்ஸ்3டி வகை என்றால் சில கேம்களில் ஒன்றரை மடங்கை எட்டும்.

அந்த 3060-உடன் 1440பி-யில் ஆடுபவருக்கு இந்த மாற்றம் பெரிதாகத் தெரியாது. அவர் கார்டுக்குச் சேமிப்பது நல்லது. அதே ஆள் 1080பி, 144 ஹெர்ட்ஸில் ஷூட்டர் ஆடினால் 5600 அல்லது எட்டு கோர் 5700எக்ஸ் வாங்குவது நியாயமான செலவு. இரண்டும் 65 வாட் ரகம், சாதாரண கூலரே தாங்கும். கார்டை ஆர்டிஎக்ஸ் 4070 வகுப்புக்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் எக்ஸ்3டி-தான் பொருத்தம், ஆனால் 5800எக்ஸ்3டி 2024-லும் 5700எக்ஸ்3டி 2025-லும் கடைகளில் அரிதாகத் தொடங்கின. பழைய சரக்காகக் கேட்கும் விலை சில நேரம் புதியதன் விலையையே தாண்டும். அந்த விலைக்கு வாங்குவது அறிவீனம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழையது வாங்கினால் பெட்டியில்லாத சரக்குக்கு இந்திய வாரன்டி உண்டா என்று கேட்டு, ப்ராசஸரின் அடிப்பக்கத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

இன்டெல் பக்கம் கதவு சீக்கிரம் மூடிவிடும். ஆறு, ஏழாம் தலைமுறைக்கும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151 என்று ஒன்றாக இருந்தும் ஒன்றின் போர்டில் மற்றது ஓடாது. 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700-ல் ஒன்றாகப் பொருந்துவதால், ஐ5-12400 வைத்திருப்பவருக்கு வழி திறந்திருக்கிறது. ஆனால் 13, 14-ஆம் தலைமுறையின் உயர்ரகங்களில் மின்னழுத்தக் கோளாறால் சிப்பே நாளடைவில் பழுதானது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. திருத்தம் இனிமேல் வரும் சேதத்தைத் தடுக்கும், ஏற்கெனவே நடந்த சேதத்தைச் சரிசெய்யாது. பழைய ஐ9-13900கே மலிவாக வந்தால் ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டும்.

புதிய தளத்துக்குத் தாவுபவர்களுக்கு ஏஎம்டி-யின் ஏஎம்5 சாக்கெட் இன்று சரியான இடம். 2027-க்கும் அப்பாலும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சிக்கல் ரேமின் விலையில் இருக்கிறது. ஏஎம்5 டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. கையிலிருக்கும் டிடிஆர்4-ஐ வைத்தே இன்னும் இரண்டு ஆண்டு ஓட்ட முடியும் என்றால் அதுவே லாபம். கேமுக்கு அப்பாற்பட்ட ஒரு காரணமும் உண்டு: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையையும் ரைசனில் 2000 வரிசையையும் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. ரைசன் 5 1600 வைத்திருப்பவர் ஃப்ரேம் பற்றிக் கவலைப்படாவிட்டாலும், விண்டோஸ் 11-க்கு முறைப்படி போக விரும்பினால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றும் நாள்

பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதைப் பூட்டிவிட்டுத் திரை வரவில்லை என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு படியைத் தாண்டியவர்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ரைசனில் பாதுகாப்புச் சாவிகள் ப்ராசஸரோடு சேர்ந்தவை என்பதால் மாற்றியதும் கணினி அதைக் கேட்கும்.

ஏஎம்4-ல் ப்ராசஸரின் அடியில் 1,331 ஊசிக்கால்கள் இருக்கின்றன. பேஸ்ட் இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசஸர் பிய்த்துக்கொண்டு வரும், கால்கள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் கேமில் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகி விடுவித்த பிறகு தூக்க வேண்டும். புதியதை வைக்கும்போது மூலையிலுள்ள தங்க முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். சரியாக வைத்தால் தன் எடையிலேயே உட்காரும், அழுத்தவே கூடாது. பயாஸ் புதுப்பித்தபோது எக்ஸ்எம்பி அணைந்திருக்கும். அதை மறுபடி இயக்காமல் சோதித்துவிட்டு 'புதுசு பழசைவிட மெதுவாக இருக்கிறது' என்று ப்ராசஸரைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

இன்றைய விலை நிலவரத்தில் ஏஎம்4 வைத்திருப்பவர் முதலில் எக்ஸ்எம்பி-யைப் பார்க்கட்டும், பிறகு 720பி சோதனையைச் செய்யட்டும். தடை ப்ராசஸர்தான் என்று தெரிந்தால் 5600 அல்லது 5700எக்ஸ் போதும்; ஏஎம்5-க்கான பணத்தை ரேம் விலை இறங்கும்வரை கையிலேயே வைத்திருக்கலாம். பழைய நான்கு கோர் இன்டெல் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் மதர்போர்டிலிருந்தே தொடங்க வேண்டும்.